மாப்பிள்ளை உயரத்துக்கு ஒரு வண்டி

"முட்டி எங்கதான்டா இடிக்குது?" என்று கேட்டபடி செங்கல்வராயன் மறுபடியும் அந்த மோட்டார் சைக்கிளின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

எங்கும் இடிக்கவில்லை. மலை ஏறுகிறவர்களும் பாலைவனம் தாண்டுகிறவர்களும் வைத்துக்கொள்கிற வகை வண்டி அது. எட்ட நின்று பார்த்தால் ஒட்டகம் போல இருக்கும். ஏறி உட்கார்ந்தாலோ, குப்பத்திலேயே குள்ளம் என்று பெயர் வாங்கிய செங்கல்வராயனுக்கே இரண்டு பாதமும் சுகமாகத் தரையில் ஊன்றின.

"உனக்கு இடிக்காது மாமா," என்றான் மாரி. "நீ கீற சைஸுக்கு ஆட்டோ பின்சீட்டுல காலை நீட்டிப் படுக்கலாம். மாப்ள ஆறடிக்கு மேல. அவரு முட்டி உனக்கு எப்டி வரும்?"

மாரி, செங்கல்வராயனின் மனைவி ஜமுனாவுக்குத் தம்பி. கடலை ஒட்டிய ஏரிக்கரையில் கொட்டகை போட்டு, ஓட்டை விழுந்த ஃபைபர் படகுகளை ஒட்டிக் கொடுப்பது அவன் தொழில். மோட்டார் சைக்கிள் அவன் கொட்டகைக்குள் வந்தது இதுவே முதல் தடவை.

வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்வராயனின் மகள் தேவதர்ஷினியைப் பெண் பார்க்கப் பொன்னேரியிலிருந்து வந்திருந்தார்கள். பிள்ளை கவியரசன் இந்த வண்டியில் வந்தான். அவன் தாயார் காந்தாவும் சித்தப்பாவும் வேனில் வந்தார்கள். "வாங்க மாப்ள, வாங்க" என்று செங்கல்வராயன் இரண்டு கையையும் நீட்டி வரவேற்ற அதே நேரத்தில், மாப்பிள்ளையின் நெற்றி வாசற்காலின் மேல்கட்டையில் மோதியது. தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். பதறிப்போன செங்கல்வராயன் கைக்குக் கிடைத்த ஐஸ் கட்டியை எடுத்து மாப்பிள்ளையின் நெற்றியில் வைத்து அழுத்தினார். அது இறால் பெட்டியில் இருந்த ஐஸ். அதன்பிறகு மாப்பிள்ளை பேசியதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு பேசியதுதான்.

கிளம்பும்போது பார்த்தால் வண்டியின் பின்சக்கரத்தில் கருவேல முள். காற்று சுத்தமாக இல்லை.

"வண்டி இங்கியே இருக்கட்டும் மாமா. அடுத்த ஞாயித்துக்கிழமை கை நனைக்க வர்றப்போ எடுத்துக்கறேன்," என்று சாவியைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறிய கவியரசன், சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னது செங்கல்வராயன் காதில் விழுந்துவிட்டது. "நல்லதாப் போச்சு சித்தப்பா. அந்த வண்டில முட்டி ரெண்டும் ஹேண்டில்ல இடிச்சி இடுப்பே விட்டுப் போச்சு."

செங்கல்வராயனுக்கு உடம்பு கூசியது. தன் வீட்டு வாசலால் ஒரு அடி. தன் வீட்டுக்கு வந்த வழியில் இன்னொரு அடி.

பெண் வீட்டில் பிள்ளை வீட்டார் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை நனைத்தால்தான் பேச்சு உறுதி. அதுவரை தண்ணீரோடு சரி. இரண்டு வருடம் முன்பு வேறொரு இடத்திலிருந்து வந்தவர்கள், போட்ட இலையில் கை வைக்காமல் எழுந்து போயிருந்தார்கள். அன்றைக்கு ஆக்கிய நண்டுக் குழம்பை ஜமுனா அக்கம்பக்கத்தில் கொடுக்கக்கூட இல்லை. கொடுத்தால் ஏன் மீந்தது என்று கேட்பார்களே! குண்டானோடு தூக்கிக்கொண்டு போய் ஏரியில் கொட்டினாள். ஊர் கேட்காமலா விட்டது? ஒரு மாதம் கேட்டது.

ஆகவே முள்ளைப் பிடுங்கிப் பஞ்சர் ஒட்டியதோடு நிற்க செங்கல்வராயனால் முடியவில்லை. மாப்பிள்ளை வந்து சாவியை வாங்கும்போது வண்டி அவர் உயரத்துக்குத் தைத்த சட்டை மாதிரி இருக்க வேண்டும். அதுவும் ரகசியமாக. சென்னையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் தர்ஷினிக்குக்கூடத் தெரியக்கூடாது. சொன்னால் அன்றைக்கே போனில் போய்ச் சேர்ந்துவிடும்.

"அளவு?" என்றான் மாரி.

அதற்கும் வழி இருந்தது. மேல்கட்டையில் வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சள் குங்குமம், நெற்றி பட்ட இடத்தில் மட்டும் அழிந்திருந்தது. படகு தள்ளுகிற கழியைக் கொண்டுவந்து தெருவில் ஊன்றி, அழிந்த இடத்துக்கு நேராக ஒரு கோடு போட்டார்கள். அதற்கு மேல் தலைக்கு ஒரு கை சேர்த்துக்கொண்டார்கள்.

"அடேங்கப்பா," என்றான் மாரி கழியை அண்ணாந்து பார்த்து. "வேன்ல இருந்து எறங்கறப்போ இவ்ளோ தெரியலியே மாமா."

"வேன்ல எங்கடா வந்தாரு? வண்டில வந்தாரு. குனிஞ்சி உக்காந்திருந்தா எப்டித் தெரியும்? பாவம்."

மாரி வேலையை ஆரம்பித்தான். சீட்டைக் கிழித்து உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்டு, ஐஸ் பெட்டியின் தெர்மாகோலையும் வலை மிதவைகளையும் அடுக்கி, மேலே படகுக்குப் போடுவது போல ஃபைபர் போட்டு இறுக்கினான். "இனிமே அசையாது. புயல் வந்தாலும் சீட்டு நிக்கும்," என்றான். நின்றது. உட்கார்ந்து பார்த்த செங்கல்வராயனுக்குத்தான் நிற்க முடியவில்லை. பாறைமேல் உட்கார்ந்து எழுந்தது போல இருந்தது. பின்பக்க ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு இரும்புத் துண்டையும் வைத்து வண்டியையே தூக்கினான். தூக்கியதும் ஸ்டாண்டு தரைக்கு எட்டவில்லை. வண்டியைக் கயிறு போட்டு மரத்தில் கட்டினார்கள்.

அடுத்து, ஓட்டிப் பார்க்க அந்த உயரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். குப்பத்தில் யாரும் இல்லை. மாரியே இரண்டு காலிலும் மூங்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினான்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டு இடுப்பில் பறிக்கூடையோடு கரையேறிய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இன்னா மாரி, பொய்க்கால் குதிரையா? எந்தத் திருவிழாவுக்கு?"

"ஏண்டி, அது குதிர இல்ல, ஒட்டகம்!"

"அண்ணே, செங்கல்வராயண்ணே! நீ எப்போ ஏறப்போற? சொல்லு, ஏணி எடுத்தாறோம்!"

செங்கல்வராயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார். துண்டை விலக்கியபோது மாரியும் வண்டியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார்கள். மாரிக்கு ஒன்றும் இல்லை. வண்டியின் முன்கண்ணாடித் தடுப்பு மட்டும் இரண்டாகப் போயிருந்தது.

"அது போனா போவட்டும் மாமா. அதைவிட ஸ்ட்ராங்கா நான் போட்டுத் தரேன். முக்கியமா, நான் உக்காந்தப்போ இன்னொண்ணு கண்டுபிடிச்சேன். சீட்டு மேல போயிட்டுதா, ஹேண்டிலு கீழ தங்கிப் போச்சி. ஓட்றவரு கும்பிட்டுகினே போவணும்."

வண்டியைக் குட்டியானை லாரியில் ஏற்றி ஆரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய், ஹேண்டிலுக்குக் கீழே தண்ணீர்க் குழாய் வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஹேண்டில் நன்றாகவே உயர்ந்தது. அதிலிருந்து போகும் ஒயர்கள் உயரவில்லை. அன்றுமுதல் இடது பக்கம் திருப்பினால் ஹாரன் அடித்தது. வலது பக்கம் திருப்பினால் இன்ஜின் தானாக அலறியது.

"நேரா போனா ஒண்ணும் ஆவாது," என்றான் மாரி.

"பொன்னேரி இன்னா நேராவா கீது?"

மாரி அதற்குள் முன்தடுப்பு வேலையில் இறங்கிவிட்டான். தடிமனான ஃபைபர், படகு நீலம். கை பழகிய தோஷத்தில், காய்ந்ததும் சிவப்புப் பெயிண்டால் 'தேவதர்ஷினி துணை' என்றும் எழுதிவிட்டான். பேர் இல்லாமல் எதுவும் அவன் கொட்டகையை விட்டு வெளியே போனதில்லை.

"இதுக்குப் பின்னால உக்காந்தா முன்னாடி ரோடு தெரிய வேணாமாடா?"

"அந்த ஒசரத்து ஆளு மேலால பாப்பாரு மாமா!"

வெள்ளிக்கிழமை ஜமுனா கொட்டகைக்குச் சோறு கொண்டுவந்தாள். சோற்றுத் தூக்கை இறக்கி வைக்கவும் மறந்து வண்டியைச் சுற்றி வந்தாள். கழியில் போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள்.

"இது யாரு அளவு?"

"மாப்ள அளவு. தெருவுல ஊனி, வாசக்காலுக்கு நேரா எடுத்தோம்."

"ந்தா, அவரு இடிச்சிக்கினப்போ படி மேல இல்ல நின்னுகினு இருந்தாரு? படி ஒசரத்த யாரு கழிச்சது?"

மாரி கழியைப் பார்த்தான். செங்கல்வராயன் மாரியைப் பார்த்தார்.

"பழைய சீட்டுப் பஞ்சு எங்கடா? எல்லாத்தையும் பிரிச்சி, இருந்த மாதிரியே வெச்சிடு."

"ஃபைபரு ஒட்டினா ஒட்டினதுதான் மாமா. பஞ்சு..." மாரி தலையைச் சொறிந்தான். "முரளி படகுல ஒரு ஓட்ட இருந்துச்சி. அதுக்கு அடச்சிட்டேன். இப்போ அது கடல்ல கீது."

சனிக்கிழமை தர்ஷினி வந்தாள். வண்டியைப் பார்த்தாள். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா நைனா இது?"

"மாப்ளைக்கு வசதியா இருக்கட்டும்னு..."

"அவங்க வீட்ல இந்த வண்டில ஒரு கீறல் விழாம வெச்சிருக்காங்களாம் நைனா. தொடச்ச துணி அழுக்கா இருந்தாலே அன்னிக்குச் சண்டையாம். போன்ல சிரிச்சிகினு சொன்னாரு." அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு அவங்க சாப்புடாம போனா, நான் மெட்ராஸ்லயே தங்கிடறேன். இந்த ஊர்ல இன்னொரு வாட்டி என்னால தல காட்ட முடியாது."

செங்கல்வராயன் பக்கத்தில் குனிந்தார். மகள் தலையைத் தொடப் போனார். கையெல்லாம் நீலப் பெயிண்டு. அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை படகு தள்ளுகிற மாதிரி ஆள் பிடித்து வண்டியை வீட்டுக்குத் தள்ளிவந்து, வாசல் பூவரச மரத்தில் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மூடியபின் தேர் நிற்பது போல இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. செங்கல்வராயனின் திட்டம் ஒன்றே ஒன்றுதான்: முதலில் சாப்பாடு. கை நனைந்துவிட்டால் அப்புறம் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம்.

வேன் வந்தது. கவியரசன் இந்தத் தடவை நன்றாகக் குனிந்து வாசலைத் தாண்டினான். உள்ளே இலை போட்டாயிற்று. நண்டுக் குழம்பு வாசனை தெருமுனைக்குப் போய்விட்டது.

"வண்டி பஞ்சர் பாத்துட்டீங்களா மாமா?"

"அதெல்லாம் சூப்பரா... மொதல்ல உக்காருங்க மாப்ள. ஆறிடும்."

"வண்டியப் பாத்துட்டே உக்காரலாங்க," என்றார் வாசலிலேயே நின்ற காந்தா. பொன்னேரி கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை பார்க்கும் அந்த அம்மாள் போன தடவை இந்த வீட்டில் பேசியது 'தண்ணி போதும்' என்கிற இரண்டு வார்த்தைதான்.

அதற்குமேல் தாமதிக்க வழியில்லை. செங்கல்வராயன் கண்ணைக் காட்ட, மாரி தார்ப்பாயை இழுத்தான்.

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பறிக்காரப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். இன்று ஒருத்தியும் கேலி செய்யவில்லை. அதுதான் செங்கல்வராயனை இன்னும் குறுக்கியது.

"என் தப்புதான் மாப்ள," என்றார். "முட்டி இடிக்குதுன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சி. நல்லது பண்றதா நெனச்சி... எம் பொண்ணுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ மேல வருத்தப்படாதீங்க."

"பரவால்ல மாமா," என்றான் கவியரசன். மூச்சை அடக்கிக்கொண்டுதான் இந்த முறையும் சொன்னான். மரியாதைக்காக மரத்தைப் பிடித்து வண்டியில் ஏறினான். ஆறே கால் அடி ஆளுக்கும் கால் தொங்கியது. சமாளிக்க ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினான். ஹாரன் ஊரைக் கூட்டியது. அவசரமாக இறங்கி நின்றவன் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அவன் தாயாரைப் பார்த்தான்.

காந்தா வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார். சீட்டு அவர் மோவாய்க்கு வந்தது. நீலத் தடுப்பில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஃபைபர் சீட்டை விரலால் தட்டிப் பார்த்தார். படகைத் தட்டிய சத்தம் வந்தது. ஜமுனா கதவிடுக்கில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் தர்ஷினியின் கண் மட்டும் தெரிந்தது. குண்டான், ஏரி, ஒரு மாதப் பேச்சு எல்லாம் செங்கல்வராயனின் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

காந்தா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினார்.

"இலைல சோத்தப் போடச் சொல்லுங்க சம்பந்தி, சாப்ட்டதும் நான் ஏற ஒரு ஸ்டூலும் போடுங்க, இவன் அன்னிக்கி இரவல் வாங்கினு வந்தது என் வண்டிய, எனக்குக் கால் எட்டணும்னுதான் அத்த அவ்ளோ தாழ்வா எறக்கி வெச்சிருந்தேன்."