காணாமல் போன சுண்டுவிரல்

ருஃபினோ மூன்றாவது முறையாக எண்ணிப் பார்த்தான். நான்குதான் இருந்தன.

மை வாசனை போகாத காமிக்ஸ் இதழ் அவன் மடியில் கிடந்தது. கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டும் ஃபகுண்டோ வலக்கையை வானத்துக்கு உயர்த்தி வில்லனை எச்சரிக்கிறான். தொடரின் பெயர் 'ஐந்து மின்னல்'. விரலுக்கு ஒன்றாக அவனுக்கு ஐந்து சக்திகள். கட்டைவிரல் இருந்தது. ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல் இருந்தன. அத்தோடு கை முடிந்துவிட்டது.

"சுண்டுவிரல் எங்கே?" என்றாள் அவன் மனைவி பெலன்.

குபாவோ பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் கயிறு கட்டி, காமிக்ஸ்களைத் துணி மாதிரி காயப்போட்டு வாடகைக்கு விடுகிறவள் அவள். எடுத்தவர்கள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். அதனால் ருஃபினோவின் வாசகர்கள் அவன் ஜன்னலுக்கு நாலடி தூரத்தில் இருந்தார்கள். வேறெந்த ஓவியனுக்கும் இந்தத் தண்டனை கிடையாது.

"எல்லாம் அந்த அணிலால் வந்த வினை," என்றான் ருஃபினோ.

பகலில் அவனுக்கு ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோவில் வேலை. வெளிநாட்டு டெலிவிஷனுக்காக ஓர் அணில். அது கையைத் தூக்க வேண்டுமானால் தலைமை ஓவியர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் போடுவார். நடுவில் உள்ள அத்தனையையும் ருஃபினோ நிரப்ப வேண்டும். அணிலுக்கு நான்கு விரல். கார்ட்டூனில் அநேகமாக எல்லாருக்குமே நான்குதான்; ஒரு விரலைக் குறைத்தால் பல்லாயிரம் கோடுகள் மிச்சம். எட்டு வருஷமாக நான்கு நான்காக வரைந்து பழகிய கை, விடியற்காலையில் சொந்தக் காமிக்ஸுக்கு உட்காரும்போது மட்டும் ஐந்து வரை எண்ணுமா?

மூலப்படத்தைப் பார்க்கவும் வழியில்லை. அச்சகத்துக்குப் போன மூலப்படம் வீடு திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது.

தவறு நேர்ந்த நேரமும் சரியில்லை. இன்னும் மூன்று வாரத்தில் மிஸ் ஹார்லன் என்கிற வெளிநாட்டுத் தயாரிப்பாளர் ஸ்டூடியோவுக்கு வருகிறாள். அணில் படம் அவளுக்குப் பிடித்துப்போனால், இங்கே வேலை செய்கிறவர்களில் ஒருவருடைய சொந்தக் கதையைப் படமாக்கலாம் என்று பேச்சு. ருஃபினோ முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தான். ஃபகுண்டோ ஒரே ஒரு தடவையாவது திரையில் கண்ணைச் சிமிட்ட வேண்டும். அதற்காகத்தானே எட்டு வருஷம் அடுத்தவன் அணிலுக்கு வாலாட்டினான்!

மறுநாள் பத்திரிகை ஆசிரியை மிஸிஸ் ஓகாம்போ கூப்பிட்டனுப்பினாள். உதட்டைக் குவித்து மேஜை மேலிருந்த படத்தைக் காட்டினாள்.

"இது என்ன?"

மன்னிப்புக் கேட்கத்தான் ருஃபினோ வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"திருட்டு, மேடம்."

"என்னது?"

"விரலை யாரோ திருடிட்டாங்க. யாருன்னு அடுத்த வாரம் தெரியும்."

மிஸிஸ் ஓகாம்போ அவனையே பார்த்தாள். பிறகு இரண்டு புருவத்தையும் மெல்லத் தூக்கினாள். அந்த ஆபீஸில் அதற்குமேல் பெரிய சம்மதம் கிடையாது.

ஜீப்னியில் இடம் இல்லாமல் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தபோதும் ருஃபினோவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு தவறு, ஒரு பொய், ஒரு புதுக் கதை. கெட்டிக்காரன்தான் என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

வீட்டு வாசலில் பெலன் அவனை ஓரமாக இழுத்தாள். சுண்டுவிரலை நீட்டினால் எதிராளியின் பொய்யெல்லாம் வெளியே வந்துவிடும். அதுதான் அந்த விரலின் சக்தி. ஆகவே விரலைக் காணோம் என்றால் திருட்டுத்தான், திருடியது பொய்யே பிழைப்பான ஊர் மேயர்தான் என்று வாசல் பெஞ்சு அரை மணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டதாம். ஊரில் மற்ற வாடகைக் கடை பெஞ்சுகளும் அப்படியே எழுதியிருக்க வேண்டும். மறுநாள் மிஸிஸ் ஓகாம்போ ஆளனுப்பி, மேயர் மட்டும் வேண்டாம், வெளியூர்க்காரன் யாரையாவது போடு என்று கெஞ்சினாள்.

பல் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போய் விரலுக்கு மாறிய ஒரு வெளிநாட்டுப் பல் டாக்டரைப் போட்டான் ருஃபினோ.

அவசரத்தில் ஒரு காரியம் செய்தான். வரைந்த தாளைத் திருப்பிப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பார்ப்பது ஸ்டூடியோப் பழக்கம். கோணல் இருந்தால் அப்போதுதான் தெரியும். ஃபகுண்டோவையும் அப்படித் திருப்பிப் பார்த்தான். கோணல் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் தாளைத் திரும்பப் புரட்ட மறந்து, பின்பக்கத்திலேயே மை போட்டுக் கொடுத்துவிட்டான்.

இதழ் வந்ததும் பெலன் அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்தாள்.

"போன வாரம் வலக்கை. இந்த வாரம் இடக்கை. வெளியில ரெண்டு கட்சியாயிட்டாங்க, பினோ. ஒரு கட்சி, வலக்கையில மறுபடி முளைச்சிருச்சுங்குது. இன்னொண்ணு, வரையிறவனுக்கு வலது இடது தெரியாதுங்குது."

"நீ எந்தக் கட்சி?"

"நான் உன் பொண்டாட்டி. ரெண்டாவது கட்சி."

கருவாட்டை மென்றுகொண்டே யோசித்தான். மூன்றாவது வாரம் பல் டாக்டர் திரும்ப வந்தான். இரண்டு சுண்டுவிரலும் போயின.

இதழ் மத்தியானத்துக்குள் கடைகளில் தீர்ந்துவிட்டது. கடிதங்கள் சாக்கில் வந்தன. இலோயிலோவிலிருந்து ஒரு பெண்மணி ஃபகுண்டோவின் குளிருக்காகச் சுண்டுவிரல் அளவில் இரண்டு கம்பளி உறை பின்னி அனுப்பியிருந்தாள். மிஸிஸ் ஓகாம்போ கண் பளபளக்க, அடுத்தது எந்த விரல் என்று கேட்டாள்.

ருஃபினோ கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த வேகத்தில் போனால் கிறிஸ்துமஸுக்குள் ஃபகுண்டோ மொட்டைக் கையோடு நிற்பான். மொட்டைக் கை வீரனை யார் படமாக்குவார்கள்? விரல்களை மீட்டாக வேண்டும். இனி ஒரு தவறும் கூடாது. அவன் கைக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தான். பாண்டேசால் ரொட்டியை ஐந்தாக வாங்கினான். காபியை ஐந்து சுற்றுச் சுற்றிக் கலக்கினான். தூக்கத்தில் அவன் ஐந்து, ஐந்து என்று முனகியதாகப் பெலன் சொன்னாள்.

கை பாடத்தைப் படித்துக்கொண்டது. கொஞ்சம் அதிகமாகவே படித்துக்கொண்டது.

மிஸ் ஹார்லன் வரும் நாள் காலையில், ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அண்ணன் முறையான மேற்பார்வையாளர் கூயா தியோ அவனைத் திரையறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். திரையில் அணில் விடைபெற்றுக் கையாட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணு," என்றார்.

நான்கு. ஐந்து. நான்கு. ஐந்து. குளத்துத் தவளை மாதிரி ஒரு விரல் தலையைக் காட்டுவதும் முங்குவதுமாக இருந்தது.

"கூயா, இதை மறுபடி..."

"வர்ணம் பூசி, படம் புடிச்சு எல்லாம் முடிஞ்சுபோச்சு. அந்தம்மா இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவாங்க." தியோ அவன் தோளைப் பிடித்தார். "காபி கொண்டு வா. அணில் கையைத் தூக்குற நேரம் பார்த்துக் கோப்பையை நீட்டு. அவங்க குனிஞ்சு வாங்குறதுக்குள்ள காட்சி போயிரும். மூணே செகண்டு."

நல்ல யோசனைதான். ருஃபினோ காபியோடு இருட்டில் நின்றான். அணில் மரத்தில் ஏறியது, இறங்கியது, கொட்டையைப் புதைத்தது. மிஸ் ஹார்லன் இரண்டு தடவை சிரித்தாள். அவன் நெஞ்சு ஜீப்னி எஞ்சின் போல அடித்தது. அவள் பெட்டியில் எங்கேயோ, ஒருவருடைய சொந்தக் கதையைப் படமாக்க அனுமதிக்கும் காகிதம் இருக்கிறது. அணில் திரும்பியது. கையைத் தூக்கியது.

ருஃபினோ நீட்டினான். கோப்பை அவள் கைக்குப் போனது. காபி அவளுடைய வெள்ளைப் பாவாடைக்குப் போனது.

அவள் அலறி எழுந்தாள். தியோ பதறிப்போய் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினார். சுவர் முழுக்க, கதவளவு பெரிய கை, ஐந்து விரலையும் விரித்தபடி அசையாமல் நின்றது.

மிஸ் ஹார்லன் திரையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு கூட இருக்கே," என்றாள் அமைதியாக.

ருஃபினோவிடம் பொய் எதுவும் மீதியில்லை. தெரிந்த இங்கிலீஷில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அணில், நான்கு, ஃபகுண்டோ, மேயர், பல் டாக்டர், பின்பக்கத்து மை, ஐந்து ரொட்டி. பையிலிருந்து மூன்று இதழ்களையும் எடுத்துக் கொடுத்தான். வேலை போனது போனதுதான், அவளாவது ஒரு தடவை ஃபகுண்டோவைப் பார்க்கட்டும் என்று தோன்றியது.

இதழில் இருந்த பாஷை அவளுக்குத் தெரியாது. படங்களை மட்டும் பார்த்தாள். பல் டாக்டர் வந்த பக்கத்தில் மூக்கால் சிரித்தாள். பிறகு முதல் இதழுக்குத் திரும்பி, அந்தக் கடைசிப் பக்கத்தை வெகுநேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"மனுஷனை வரைஞ்சா அஞ்சு விரல் போடணும். வேலை ஏறும். நாலு போட்டா ஜனங்க ஏன்னு கேப்பாங்க," என்றாள். "இங்க நாலுக்குக் கதையிலேயே காரணம் இருக்கு. இதைத்தான் நான் ஊர் ஊராத் தேடிட்டிருந்தேன்."

அவள் இதழ்களை மூடினாள்.

"விரல் திருட்டு. அரை மணி நேரப் படம். நீங்களே இயக்குங்க. அதுக்கு முந்தி அந்த அணிலை மட்டும் ஒழுங்கா வரைஞ்சு குடுத்துருங்க."

தியோ விளக்கைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. ருஃபினோ காலிக் கோப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமை பத்திரிகை ஆபீஸில் விருந்து. பெரிய தட்டு நிறையப் பன்சித் நூடுல்ஸ் வந்தது. பெலன் வாசல் கடையை மூடிவிட்டு, பெஞ்சின் இரண்டு கட்சியையும் ஜீப்னியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மிஸிஸ் ஓகாம்போ பேசச் சொன்னதும் ருஃபினோ நாற்காலி மேல் ஏறிவிட்டான். இரண்டு கிளாஸ் பீருக்குப் பிறகு அந்தத் தவறு அவனுக்குத் தவறாகவே தெரியவில்லை.

"அன்னிக்கு விடியக்காலையில நாலாவது விரல் போட்டதும் என் கை தானா நின்னுபோச்சு," என்றான். "போதும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல, என் கைக்குத் தெரிஞ்சிருக்கு. அதுதாங்க கலை."

கைதட்டல் கூரையைத் தொட்டது. இரண்டு கட்சியும் சேர்ந்து தட்டின. மிஸிஸ் ஓகாம்போ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் அடங்கியபோது, நூடுல்ஸ் தட்டுப் பக்கமிருந்து பஸிலியோ எழுந்தார். அச்சுக்குப் போகும் முன் வசன பலூன்களுக்குள் எழுத்து எழுதுகிறவர். இருபது வருஷத்தில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை. பாவமன்னிப்புக் கேட்க வந்தவர் போலக் கையைப் பிசைந்துகொண்டு நாற்காலியை அண்ணாந்து பார்த்தார்.

"சார், அன்னிக்கு நீங்க அஞ்சு விரலும் சரியாத்தான் போட்டிருந்தீங்க, ஃபகுண்டோ பேசுற வசனம் நீளமாப் போயி எடம் பத்தல, அதனால நான்தான் சுண்டுவிரலுக்கு மேல வெள்ளையைப் பூசி எழுதிட்டேன்."