உமிக்குள் வைத்த குளிர்

கணக்குச் சரியாக இருந்தால் விளைவும் சரியாகத்தான் இருக்கவேண்டுமா? இயற்பியலில் பட்டம் வாங்கி உத்திரமேரூர் திரும்பிய கையோடு, இந்தக் கேள்வியை ஒரு கல்யாண மண்டபத்தில் நான் எதிர்கொள்ள நேர்ந்தது.

மண்டபம் என் தாய்மாமாவுடையது. அப்போதுதான் கட்டி முடித்திருந்தார். எண்பதுகளின் தொடக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வைகாசி வெயில். முதல் முகூர்த்தம் குறையின்றி நடந்தால்தான் மாகறல், பழையசீவரம் பக்கத்துக் குடும்பங்களும் தேடி வரும். ஏ.சி. போட்டால் ஆகும் கரண்ட் செலவை நினைத்தே மாமாவுக்கு வியர்த்தது. நான் வழி சொன்னேன்: முந்தின நாளே காஞ்சிபுரத்திலிருந்து ஐஸ் பார்களை வாங்கி அடுக்கிவிடலாம், சேமித்த குளிரை மறுநாள் ஒரே ஒரு விசிறியால் செலவழிக்கலாம். (ஏழைகளின் திருமணங்களும் இனிக் குளிரும் என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன்.)

"இன்னாமோ படிச்சிட்டு வந்துகீற. செஞ்சி பாரு," என்றார் மாமா.

மணமேடைக்குப் பின்னறையில் ஐஸை அடுக்கி, உருகாதிருக்க எல்லோரும் செய்வதுபோல் உமியைக் கொட்டி, மேலே கோணி போர்த்தினேன். அதற்குப் பின்னால், மாமா களத்தில் நெல் தூற்றும் பெரிய விசிறி. காற்று ஐஸைத் தழுவி, சன்னல்வழியே மேடைக்குப் போகவேண்டும். துளிக் குளிரும் வீணாகக்கூடாதென்று கெட்டிமேளம் வரை காத்திருந்தேன். மேளம் கேட்டதும் கோணியை உருவி, விசிறியைப் போட்டேன்.

உமியை நான் மறந்திருந்தேன். விசிறி மறக்கவில்லை. களத்தில் தினமும் செய்கிற வேலையையே அங்கும் செய்தது.

மணமக்கள், புரோகிதர், முதல் வரிசைப் பட்டுப்புடவைகள் எல்லாவற்றின்மீதும் உமி பொழிந்தது. வியர்வையில் அழகாக ஒட்டிக்கொண்டது. மேளம் நின்றது. மாப்பிள்ளையின் தகப்பனார் தலையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, அரிசிய நீங்க வச்சிக்கினு உமிய எங்களுக்கு அட்சதை போடறீங்களா?"

பெண்ணின் தகப்பனார் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் பின்வாசலைப் பார்த்தேன்.

அப்போது, தாலி ஏறிய கழுத்தோடு மணப்பெண் தன் மாமனாரிடம் மெல்லச் சொன்னாள்: "காத்து ஜில்லுனுதான் கீது மாமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேளம் தொடர்ந்தது, மண்டபம் பிழைத்தது.

இன்றும் எங்கள் குடும்பத் திருமணங்களில், அட்சதைத் தட்டு என்னிடம் வரும்போது யாராவது, "பாத்து, உமி போவப் பொடைச்சதா?" என்று கேட்பார்கள். மாமா அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த மாதமே கூரையில் விசிறிகள் மாட்டினார். நானோ, எந்த யோசனையைச் சொல்வதற்கு முன்பும், அது யார் தலையில் விழும் என்று பார்த்துக்கொள்கிறேன்.