எண்பத்து நாலு பெருமூச்சு

வங்காள விரிகுடாவில் மொத்தம் எத்தனை அலை என்று கேட்டால், ரெண்டு நாள் லீவு போட்டு எண்ணிச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் டேலிதான்.

துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற டேலி கிளார்க் வேலை அவருக்கு. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஆக ஐந்து. தொண்ணூறுகளின் கடைசியில் நானும் அதே வேலையில் சேர்ந்தேன். நான் எண்ணுவதைத் துறைமுக கேட்டோடு விட்டுவிடுவேன். அவர் விடமாட்டார். ராயபுரம் சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே ஃபாதர் எத்தனை தரம் இருமினார் என்று எண்ணி, பூசை முடிந்ததும் அவரிடமே போய்ச் சொல்வார். ஃபாதர் இருமலுக்கு மருந்து சாப்பிட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

தண்டையார்பேட்டை படிப்பகத்தில் இருந்த ஐந்து பாக சரித்திர நாவல் ஒன்று எப்படியோ இவர் கையில் சிக்கியது. மூன்றாவது அத்தியாயத்திலேயே மனிதருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"இன்னா நைனா இது, இளவரசி எதுக்கெடுத்தாலும் பெருமூச்சு வுட்டுகினே கீறா? மொத்தம் எத்தினின்னு பாத்துடணும்."

பார்த்தார். மூன்று மாதம். எண்பத்து நாலு பெருமூச்சு. யார் விட்டது, எதற்கு விட்டது, உட்கார்ந்தா நின்றா என்று தனித்தனிக் கட்டம் போட்டிருந்தார். குதிரை விட்ட ஒன்றும் அதில் சேர்த்தி. படிப்பகத்து ஆண்டு விழாவில் 'நாவலில் பெருமூச்சு' என்று பத்து நிமிடம் பேசச் சொல்லி, நோட்டீஸிலும் பெயர் போட்டார்கள். வாழ்க்கையில் அவருக்கு முதல் மேடை. இஸ்திரி போட்ட சட்டை ஒரு மாதம் முன்பே ஆணியில் தொங்கியது.

அப்புறம்தான் என் தலையில் குண்டைப் போட்டார். துறைமுக வழக்கப்படி கப்பல் பக்கம் ஒருவர் எண்ணுவார், கரைப் பக்கம் ஒருவர். இரண்டும் ஒத்துப்போனால்தான் தாளில் கையெழுத்து.

"நான் கப்பலு, நீ கரை. நீயும் எண்ணு. ஒத்துப்போவலன்னா நான் மேடை ஏற மாட்டேன்."

"அஞ்சு பாகம்ணா!"

"அய்யாயிரம் மூட்ட எண்ற, அஞ்சு பொஸ்தகம் எண்ண மாட்டியா?"

படித்தேன். வேறு வழி? விழா மாலையில் கடைசிப் பக்கத்தை முடித்துக்கொண்டு ஓடினேன். என் கணக்கு எண்பத்து மூன்று.

மைக்கில் டேலியின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். மேடைக்குப் பின்னால் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, தாள்களைப் பரப்பிச் சரிபார்க்கிறோம். ஐந்தாம் பாகத்தில் மாட்டியது. இளவரசி விரும்பிய மாலுமியை ஏற்றிக்கொண்டு கப்பல் போன பிறகு அவள் கடற்கரையில் தனியாக நிற்கிற இடம்.

"இங்க இன்னாய்யா பண்ணிகினு இருந்த? தூங்கிட்டியா?"

"இல்லண்ணா. அழுதுட்டேன். எண்ண மறந்துட்டேன்."

தாள்களை அங்கேயே விட்டுவிட்டு மேடை ஏறினார்.

"பொஸ்தகத்துல பெருமூச்சு எம்பத்தி நாலு வாட்டி வர்து. எம்பத்தி மூண யார் வோணா எண்ணலாம். ஒண்ண மட்டும் எண்ண முடியாத மாதிரி எயுதிகீறாரு. நான் கல்லு கணக்கா அதையும் எண்ணிட்டேன். என் தோஸ்தால முடில. அவன்தான் பொஸ்தகம் படிச்சவன். அவ்ளோதான்."

பத்து நிமிடப் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்தது. கைதட்டுவதா வேண்டாமா என்று விழாத் தலைவருக்குப் புரியவில்லை. நான் மட்டும் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினேன்.

மறுநாளே முதல் பாகத்தை மறுபடி எடுத்துப்போனார். ஐந்தாவதைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது கண் சிவந்திருந்தது.

"இந்த வாட்டி எத்தினிண்ணா?" என்றேன்.

"தெர்ல நைனா" என்றார்.

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.