சனிக்கிழமைத் துப்பாக்கி

"நிஜமாவே வித்துடலாமா டுவெய்ன்?"

"வித்துடு மார்லிஸ். சும்மா சுவத்துல தொங்குது. அந்தப் பணத்துல நீ கேட்ட நாற்காலி வந்துச்சுன்னா உன் தொழிலாவது ஓடும்."

"அப்புறம் சனிக்கிழமை கிளப்புல எதை வெச்சு சுடுவே?"

"இரவல் துப்பாக்கி ஒண்ணு இருக்கு. பாத்துக்கலாம்."

"கோவம் இல்லையே?"

"எனக்கா? காபி இருக்கா?"

"இருக்கு. இன்னொண்ணு சொல்லிடறேன். இனிமே சனிக்கிழமைன்னா மத்தியானம் வரைக்கும் நீ வீட்டுப் பக்கம் வந்துடாதே. ஈரத் தலையோட உக்காந்திருக்கற பொம்பளைங்க ஆம்பளையைப் பாத்தா எழுந்து போயிடுவாங்க."

"சரி."

இருபத்தேழு வருடங்களுக்கு முன் சமையலறையில் நடந்த பேச்சு இது. மார்லிஸுக்கு வரிக்கு வரி மனப்பாடம். ஆனால் அதில் அவளை அறுத்துக்கொண்டே இருந்தது ஒரு வரிதான். 'எனக்கா? காபி இருக்கா?' அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்குக் கோடியில், லூன் ஏரிக்கரை ஆண்கள் பேச்சை நடுவில் காபிக்குத் திருப்பினால், எதையோ விழுங்குகிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அவளுக்கு அது உறைக்கவில்லை. நாற்காலி வந்த சந்தோஷத்தில் இருந்தாள்.

தலைக்கு மேல் கவிழ்கிற கூண்டு வைத்த, முடி காய வைக்கும் நாற்காலி அது. வீட்டிலேயே பெண்களுக்கு முடி சுருட்டி விடுவது மார்லிஸின் தொழில். அதில் உட்காராத தலை அந்த ஊரில் கிடையாது. டுவெய்னின் துப்பாக்கியோ எந்த ஊர்க்காரன் வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ, தெரியாது.

அவளை அதிகம் வாட்டியது டுவெய்ன் அதன்பிறகும் கிளப்புக்குப் போனதுதான். சனிக்கிழமை காலை ஏழரை ஆனால் வண்டியைக் கிளப்பிவிடுவான். ஜனவரியில் வெளியே மைனஸ் முப்பது காட்டும். கண்ணிமை ஒட்டிக்கொள்ளும். அப்போதும் போவான். சரியாகப் பன்னிரண்டுக்குத் திரும்புவான். சட்டைக் கையில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கும். இலக்கு அட்டை ஒட்டுகிற பசை போலிருக்கிறது என்று அவளும் துவைத்துப் போடுவாள். 'இரவல் துப்பாக்கிக்கே இந்த ஓட்டம் ஓடுகிற மனுஷனிடமிருந்து சொந்தத் துப்பாக்கியைப் பிடுங்கினேனே' என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இந்தச் செப்டம்பரில் டுவெய்ன் ஓய்வு பெறுகிறான். நாற்பது வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். விட்டதைத் திருப்பிக் கொடுக்க இதைவிட்டால் வேறு நாள் வராது என்று மார்லிஸ் முடிவு செய்தாள்.

ஹார்டுவேர் கடையின் பின்பக்கம் துப்பாக்கிகள் விற்பவன் கர்ட். அவன் அம்மாவுக்கு மார்லிஸ்தான் முடி சுருட்டி விடுகிறாள்.

"இலக்குச் சுடறதுக்கு. குறி பிசகக் கூடாது. நானூறு டாலருக்குள்ள வேணும்," என்றாள்.

"போல்ட் இழுத்துச் சுடறதா, தானா அடுத்த தோட்டா ஏறிக்கறதா?"

"தானா ஏறிக்கறது. அவனுக்கு வலது தோள் போயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் இழுக்க முடியாது."

"அப்போ செமி ஆட்டோமேட்டிக். பாயிண்ட் டுவென்டி டூ அளவு போதும், தோட்டா விலையும் கையைக் கடிக்காது. எத்தனை கெஜம் சுடுவாரு? மேசையில வெச்சா, நின்னுக்கிட்டா? ஸ்கோப்பா, துளை வழியாப் பாக்கறதா?"

மார்லிஸுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் கேட்டதில்லை. அது வேறு இப்போது கனத்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில், அடுப்பில் சுட்டெடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷைப் பரிமாறிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தாள்.

"கிளப்புல எவ்வளவு தூரத்துல சுடுவீங்க?"

டுவெய்னின் கரண்டி நின்றது. "அது... காத்தைப் பொறுத்தது."

"காத்து இல்லேன்னா?"

"காத்து இல்லாத நாள் எங்க இருக்கு?"

"ஒரு அம்பது கெஜம் இருக்குமா?"

"அம்பதா? இருக்கும். அம்பது நல்ல தூரம்தான்."

"நின்னுக்கிட்டா, உக்காந்தா?"

"ரெண்டும் உண்டு. நான் பெரும்பாலும் நின்னுக்கிட்டுதான். காபி இருக்கா?"

பார்த்தாயா, இன்னும் வலிக்கிறது அவனுக்கு. மார்லிஸ் எழுந்து போய்க் காபி ஊற்றினாள்.

அடுத்த வாரமே துப்பாக்கி வாங்கியாயிற்று. கனத்த குழல், சாம்பல் நிறக் கட்டை, மேலே குறி பார்க்க மலிவான ஒரு ஸ்கோப். முன்னூற்று எண்பது டாலர். பூட்டுப் போட்டு, பையில் சுற்றி, முடி காய வைக்கும் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி வைத்தாள். அந்த மூலையை டுவெய்ன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

கொடுப்பதற்கு முன் சுட்டுப் பார்த்துவிடுவது நல்லது என்று கர்ட் சொல்லியிருந்தான். அவளுடைய சிநேகிதி ஆர்டிஸுக்குச் சொந்தமாக ஒரு சரளைக் குழி உண்டு. பின்னால் மண்மேடு. ஆர்டிஸ் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள, மார்லிஸ் மணல் மூட்டையில் துப்பாக்கியை வைத்து ஐந்து தோட்டா சுட்டாள்.

ஆர்டிஸ் நடந்து போய் அட்டையைப் பார்த்தாள். "ஏண்டி, இதுல வெச்சுச் சாப்பிடலாம் போலிருக்கே. தட்டு அகலத்துக்கு ஓட்டை போட்டிருக்கே."

கடையில் அட்டையைப் பார்த்துக் கர்ட் சிரித்தான். "துப்பாக்கிக்குத் துப்பாக்கி நாக்கு வேற. ஒரே தோட்டாவைப் போட்டா எல்லாம் தின்னுடாது. நாலஞ்சு வகை வாங்கிப் போட்டுப் பாருங்க."

எட்டு வகை வாங்கினாள். ஏழாவதில் ஓட்டைகள் நெருங்கின. அதுதான் எட்டிலும் விலை கூடியது. 'தோட்டா விலை கையைக் கடிக்காது' என்று சொன்னவன், தரையைப் பார்த்துக்கொண்டு சில்லறை எண்ணினான்.

விசை கல் மாதிரி இருந்தது. இழுப்பதற்குள் குறி நகர்ந்துவிடும். இலகுவான விசை ஒன்றை மாட்டினான் கர்ட். நானூறு எப்போதோ தாண்டிவிட்டது. விசை மாறியதும் கட்டையின் திருகுகள் தளர்ந்தன. அவற்றை முறுக்கியதும் ஸ்கோப் கோணிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சரளைக் குழிப் பயணம். அந்த வாரம் துப்பாக்கி நினைப்பிலேயே இருந்ததில் இரண்டு பேருக்கு முடி அதிகமாகச் சுருண்டு, ஒருத்தி அடுத்த வருடம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாம் சரியானபோது ஆர்டிஸ் கேட்டாள். "டுவெய்ன் இடது கைக்காரன்தானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"இது சுட்டு முடிச்ச தோட்டா ஓடுகளை வலது பக்கமாத் துப்புது. இடது தோள்ல வெச்சுச் சுட்டான்னா எல்லாம் அவன் மூஞ்சிக்கு நேரா வரும்டி."

கர்டிடம் ஓடினாள். அவன் தலையைச் சொறிந்தான். "இதை முதல்லயே சொல்லியிருக்கணும் நீங்க. அவரோட பழைய துப்பாக்கி இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்சதா இருந்திருக்கும். இப்போ அந்த மாதிரி வாங்கணும்னா விலை ரெண்டு மடங்கு."

அந்தப் பழையதை அவள் முன்பின் தெரியாத ஒருவனுக்கு இருநூற்று நாற்பது டாலருக்குக் கொடுத்திருந்தாள். 

பிறகு வீட்டுக்கு வந்து, முடி வலை ஒன்றை எடுத்தாள். முடி சுருட்டும் குழல்களின் கம்பியை வளைத்துச் சட்டம் செய்து, வலையை அதில் தைத்து, ஓடு விழுகிற பக்கம் ஒரு பை மாதிரி கட்டினாள். சரளைக் குழியில் முதல் தடவை வலை உள்ளே மாட்டி துப்பாக்கி நின்றே போயிற்று. ஆர்டிஸ் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சரிந்தாள். நான்காவது வலை பிடித்தது. ஓடுகள் பொத்துப் பொத்தென்று அதற்குள் விழுந்தன.

இதற்குள் வீடு முழுக்கத் துப்பாக்கி எண்ணெய் வாசனை. ஒரு நாள் டுவெய்ன் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினான். மார்லிஸ் ஜன்னலைத் திறக்கப் போனாள்.

"புது மருந்தா, தலைக்குப் போடறது?" என்றான்.

"ஆமா."

"வாசனை நல்லா இருக்கு."

தப்பித்தோம் என்றிருந்தது அவளுக்கு.

ஆகஸ்ட் முடிவதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைக் கெஞ்சுவது போல் அழுத்தினால் என்ன ஆகும் என்பது அவள் விரலுக்குப் புரிந்துவிட்டது. ஐம்பது கெஜத்தில் ஐந்து தோட்டா. ஐந்தும் ஒரு சில்லறைக் காசுக்குள் அடங்கின. அந்த நேரத்தில் மனதில் வேறு எதுவுமே இல்லை. முடி இல்லை, மழை இல்லை, வயது இல்லை. இதையா அவனிடமிருந்து பிடுங்கி விற்றேன் என்று நினைத்ததும் கண் கலங்கி, ஆறாவது தோட்டா மண்மேட்டையும் தாண்டிப் போயிற்று.

"அழுதுக்கிட்டே சுடாதேடி," என்றாள் ஆர்டிஸ். "பக்கத்துல மாடு மேயுது."

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை. இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக மார்லிஸ் தலை சுருட்ட வருகிற எல்லோருக்கும் போன் செய்து இன்றைக்கு வர வேண்டாம் என்றாள். டுவெய்ன் வழக்கம்போல் ஏழரைக்குக் கிளம்பினான். ஒன்பதுக்கு அவள் துப்பாக்கிப் பையோடு பின்னால் போனாள். அவன் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, எல்லோர் முன்னாலும் கொடுப்பதாகத் திட்டம். மன்னிப்புக் கேட்பதையும் அங்கேயே முடித்துவிட வேண்டும். ஆட்கள் நடுவில் கேட்டால் காபி கேட்டுத் தப்ப முடியாது.

கிளப் வாசலில் லவோன் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் பட்பட்டென்று வெடிச் சத்தம்.

"டுவெய்ன் எந்த மேசையில சுடறான்?" என்றாள் மார்லிஸ்.

லவோன் காதுக் கவசத்தைத் தூக்கினாள். "யாரு?"

"டுவெய்ன். என் வீட்டுக்காரன்."

"சுடறானா?" லவோன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அவன் சமையல்கட்டுல இருப்பான். பன் எடுக்கற நேரம்."

"இன்னிக்கு மட்டுமா?"

"நான் இங்க சேர்ந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. அவன் துப்பாக்கியைத் தொட்டு நான் பாத்ததில்ல. சுடாத ஆளுக்குச் சந்தா எதுக்குன்னு ஒரு தடவை கேட்டேன். 'காபி போடறேன், இருந்துட்டுப் போறேனே'ன்னான். காரமல் பன் அவன் கைக்கு அப்படி வரும். வீட்டுல பண்றதில்லையா?"

மார்லிஸ் உள்ளே போனாள்.

டுவெய்ன் ஏப்ரன் கட்டியிருந்தான். முழங்கை வரை மாவு. அவளைப் பார்த்ததும் முதலில் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தான். ஒன்பதேகால்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல." பையை மேசையில் வைத்துத் திறந்தாள். "அன்னிக்கு அதை வித்திருக்கக் கூடாது டுவெய்ன்."

அவன் கையைத் துடைத்தான். துப்பாக்கியைத் தொடவில்லை. முடி வலைப் பையை மட்டும் விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தான்.

"ஓடு மூஞ்சியில படாம இருக்கவா?"

"ம்."

"இரவல் துப்பாக்கியில அதுதான் ஆச்சு. ரெண்டு வாரம் சுட்டேன். கன்னம் பொத்துப் போச்சு. அப்புறம் மனசு போகல." பைக்குள் இருந்து நழுவிய அட்டையை எடுத்தான். நடுவில் ஒரே ஓட்டை போல ஐந்து. "இது யாரு?"

"நான்தான்."

டுவெய்ன் வாய்விட்டுச் சிரித்தான். எத்தனையோ வருடமாக அவள் கேட்காத சிரிப்பு. "அப்போ இது உன் துப்பாக்கி மார்லிஸ். நீ வெச்சுக்க. எனக்கு நீ ஒண்ணும் பாக்கி இல்ல."

"சுடவே இல்லேன்னா, அந்தக் குளிர்ல, இத்தனை வருஷம் எதுக்குடா இங்க வந்தே?"

அவன் அடுப்பை அணைத்தான். ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன்."

"காபியா?"

"இல்ல." டுவெய்ன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஈரத் தலையோட இருக்கறவங்க கண்ணுலயே பட மாட்டேன். பின் ரூம்லயே சத்தமில்லாம உக்காந்துக்கறேன். இனிமே சனிக்கிழமை காலையில நான் வீட்டுலயே இருந்துக்கட்டுமா?"