குதிரைக்கு அளவெடுத்த சிவபாண்டி

பங்குனி பிறந்த அன்று காலை ஆனையூர் டெய்லர் சிவபாண்டி ஒரு சபதம் எடுத்தார். இனி சகலை வெள்ளைத்துரையோடு எந்த ஊருக்கும் போவதில்லை. மோட்சத்துக்கே வேன் பிடித்தாலும் ஏறுவதில்லை.

வெள்ளைத்துரை கெட்டவர் அல்ல. மனைவி முனீஸ்வரியின் அக்கா புருஷன், தங்கமான மனிதர். ஆனால் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால், கண்ணில் படுகிற போர்டுகளை எல்லாம் சத்தமாகப் படிப்பார். படிப்பதோடு விடமாட்டார், அபிப்பிராயமும் கேட்பார். "'சுடச்சுட இட்லி'ன்னு போட்டுட்டு கடையப் பூட்டி வச்சிருக்கான் பாருங்க சகலை. ஆறிப்போயிருக்கும்ல?"

போன வருடம் மதுரையிலிருந்து மேலூர் போவதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு போர்டுகள். சிவபாண்டி எண்ணியிருந்தார். இறங்கும்போது அவருக்குத் தன் பெயர் மறந்துபோயிருந்தது.

இந்த வருடம் காசி. பதினோரு நாள் வேன். வழியெல்லாம் இந்தி போர்டு. வெள்ளைத்துரைக்கு இந்தி தெரியாது. அதனால் படிக்க மாட்டார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு வெள்ளைத்துரையைத் தெரியாது. ஒவ்வொன்றையும் காட்டி, "இதுல என்ன போட்டிருக்கு சகலை?" என்று கேட்பார்.

"முனீசு, காசிக்கு நான் வரல. நீயும் நானும் ஊட்டிக்குப் போவோம்" என்றார் சிவபாண்டி.

"ஊட்டியில என்ன இருக்கு?"

"சித்திரையில குதிரைப் பந்தயம் இருக்கு. ஒவ்வொண்ணும் ஜாதிக் குதிரை. பாத்தாலே எது ஜெயிக்கும்னு நான் சொல்லிருவேன்."

"உங்களுக்குக் குதிரை தெரியுமாக்கும்?"

"ரெண்டு கால்ல நிக்கிறவனுக்கே முப்பது வருசமா அளவெடுக்கிறேன். நாலு கால்ல நிக்கிறது இன்னும் சுளுவு."

முனீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பினாலா வெங்காயத்தினாலா என்று சிவபாண்டிக்குத் தெரியவில்லை.

"சரிங்க. எங்க ஊரு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் குதிரை வண்டிப் பந்தயம் விடுறாக. பெரிய குதிரைப் பிரிவுல எது முதல்ல வரும்னு சொல்லுங்க. சொன்னது வந்தா ஊட்டி. வராட்டி காசி. மறுபேச்சு இல்ல."

இவ்வளவு எளிதாக மாட்டுவாள் என்று சிவபாண்டி எதிர்பார்க்கவில்லை. பின்னால் மறுத்துவிடக் கூடாதே என்று, அவள் சொன்னதைப் போனில் பதிந்து குடும்ப குரூப்பில் போட்டார். வெள்ளைத்துரை நாலு நிமிடத்துக்கு வாழ்த்துச் சொல்லிப் பதில் அனுப்பினார். அதில் இரண்டு நிமிடம், பேசும்போது எதிரே தெரிந்த கடைகளின் பெயர்.

மறுநாளே சிவபாண்டி இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கடை பில் புத்தகத்தோடு கிளம்பினார். முனீஸ்வரியின் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். சுற்றுப்பட்டியில் பெரிய குதிரைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தவை நாலே நாலு.

முதலாவது, கண்ணுச்சாமியின் கறுப்புக் குதிரை. சிவபாண்டி அதன் நெஞ்சைச் சுற்றி டேப்பைப் போட்டார்.

"என்னண்ணே, சட்டையா தைக்கப் போறீக?" என்றார் கண்ணுச்சாமி.

"அளவுதேன் எடுக்கிறேன்."

"முழுக்கை வச்சுத் தைங்க. காலையில பனி விழுகுது."

சிவபாண்டி இந்தக் கேலியை எல்லாம் காதில் வாங்கவில்லை. பில் புத்தகத்தில், 'நெஞ்சு 70, கழுத்து 36, முன்னங்கால் சற்று இறுக்கம்' என்று எழுதினார். 'டெலிவரி தேதி' என்று அச்சடித்திருந்த இடத்தில் பந்தய நாளைக் குறித்தார்.

இரண்டாவது, ஒரு செவலைக் குதிரை. டேப்பைப் பார்த்ததும் கடித்துவிட்டது. டேப்பில் முப்பத்திரண்டு முதல் முப்பத்தைந்து வரை காணாமல் போயின. 'பசி அதிகம்' என்று எழுதினார்.

மூன்றாவது, ஒரு கிழட்டுப் பழுப்புப் பெண் குதிரை. ஒரு கண்ணில் நீர் வடிய, வைக்கோல் போரில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்கியது. அதை அளப்பது டேப்புக்கே அவமானம் என்று விட்டுவிட்டார்.

நாலாவது, கருத்தக்கண்ணனின் வெள்ளைக் குதிரை. பெயர் மகாராஜா. சுண்ணாம்பு அடித்த கோயில் மதில் மாதிரி நின்றது. நெஞ்சு எழுபத்தாறு. கால்கள் நாலும் ஓர் இஞ்சுகூடப் பிசகவில்லை. சிவபாண்டியின் முப்பது வருட அனுபவத்தில், தோள் இரண்டும் சமமாக இருந்த முதல் வாடிக்கையாளர்.

"சென்னை ரேஸ்ல ஓடுன ஜாதிக் குதிரைண்ணே. மூணு மாசத்துக்கு முந்தித்தேன் என் கைக்கு வந்துச்சு" என்றார் கருத்தக்கண்ணன்.

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி வேற ஆள் வச்சிருந்தாரு. நல்லாப் பாத்துக்கிட்டாரு."

அதற்கு மேல் சிவபாண்டி கேட்கவில்லை. குதிரை அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி வணக்கம் வைத்தது. மரியாதை தெரிந்த குதிரை.

அன்று சோறு போடும்போது முனீஸ்வரி சொன்னாள். "எதை வேணும்னாலும் எடுங்க. அந்த வெள்ளை மட்டும் வேணாங்க."

"ஏன்?"

"வேணாம். அம்புட்டுத்தேன்."

சிவபாண்டிக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பந்தயத்தில் எதிரில் நிற்பவள் நமக்கு நல்லது சொல்வாளா? அவளுக்கு நாம் தோற்க வேண்டும். தோற்க வேண்டும் என்றால், ஜெயிக்கிற குதிரையை எடுக்க விடக் கூடாது. ஆகவே வெள்ளைதான் ஜெயிக்கும். இந்தக் கணக்கை அவர் மனத்துக்குள் மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் ஊட்டியே விடையாக வந்தது. கூடுதலாக ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டார்.

பொங்கலன்று காலை பஸ்ஸில் ஏறும்போது முனீஸ்வரி மறுபடியும் சொன்னாள். "வெள்ளை வேணாங்க. சொன்னாக் கேளுங்க."

பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தார் சிவபாண்டி. கம்பளிக் குல்லா இரண்டு வாங்க வேண்டும் என்று நினைத்தார். அவளுக்குச் சிவப்பு.

ஊரில் அன்று அவருக்கு நடந்த மரியாதையை அவரே எதிர்பார்க்கவில்லை. முனீஸ்வரியின் தம்பிமார் வந்து மேடைக்கு அழைத்துப் போனார்கள். ஊர் மாப்பிள்ளை என்று தலையில் சரிகைத் தலைப்பாகை கட்டினார்கள். கழுத்தில் ஆளுயரத்துக்கு ரோஜா மாலை போட்டார்கள். மேடையின் முன்வரிசையில் நாற்காலி. பத்தடி தள்ளி எல்லைக்கோடு. முனீஸ்வரி மேடை ஓரமாக வந்து நின்றாள்.

"கடைசியாக் கேக்குறேன். எது?"

"வெள்ளை."

"வேணாங்க."

"வெள்ளை, வெள்ளை, வெள்ளை" என்றார் சிவபாண்டி. முனீஸ்வரி பெருமூச்சு விட்டுவிட்டுப் பந்தலுக்குப் போனாள்.

கொடி இறங்கியது. நாலு வண்டிகளும் புழுதியாக மாறிப் பறந்தன. ஐந்து கிலோமீட்டர் போய், ஐந்து கிலோமீட்டர் திரும்ப வேண்டும்.

திரும்பி வந்தபோது முதலில் தெரிந்தது வெள்ளை. அடுத்து எதுவுமே தெரியவில்லை. வெகு தூரத்துக்குப் பின்னால்தான் மற்ற மூன்றும் வந்தன. சிவபாண்டி நாற்காலி மேல் ஏறிவிட்டார். மகாராஜா வந்தது. மேகம் வந்தது போல வந்தது. ஊட்டியே கிளம்பி வந்தது போல வந்தது. எல்லைக்கு இருபதடி இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வருகிற வண்டியை மேளம் தட்டி வரவேற்பார்கள்.

"முதல் வண்டி வந்துருச்சு. கெட்டிமேளம் வாசிங்கப்பா" என்று மைக்கில் சொன்னார்கள்.

தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக முழங்கின. மகாராஜா காதுகளை நிமிர்த்தியது. ஓட்டம் நடையாயிற்று. கழுத்தை வளைத்தது. வலது முன்னங்காலைத் தூக்கியது, வைத்தது. இடது முன்னங்காலைத் தூக்கியது, வைத்தது. பிறகு ஆட ஆரம்பித்தது.

சாரதி அதட்டினான், கெஞ்சினான், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டான். தவில்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்படி ரசிக்கிற குதிரையை அவர் பார்த்ததில்லை. இன்னும் வேகமாக வாசித்தார். குதிரை பக்கவாட்டில் ஆடி ஆடி மேடைக்கு வந்தது. அங்கே தலைப்பாகையும் மாலையுமாக ஒருவர் உயரத்தில் நிற்பதைக் கண்டது. நேரே அவர் முன்னால் போய், முன்னங்காலை மடக்கி வணங்கி, ஏறிக்கொள்ளச் சொல்லி முதுகைக் காட்டி நின்றது.

"என்னைப் பாக்காத, எல்லையப் பாரு. பத்தடிதேன். ஓடு ராசா" என்றார் சிவபாண்டி.

மாப்பிள்ளை ஏறாமல் போகும் பழக்கம் மகாராஜாவுக்கு இல்லை. காத்து நின்றது. ஒரு கண்ணில் நீர் வடிய, பழுப்புக் கிழவி அவர்களைத் தாண்டி எல்லையைக் கடந்தது. பிறகு கறுப்பு. பிறகு செவலை. செவலை போகிற போக்கில் மாலையின் நுனியைத் தின்றுவிட்டுப் போனது.

கூட்டம் கலைந்த பிறகு முனீஸ்வரி போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். கார்த்திகை மாதம் திருநகரில் நடந்த வெள்ளைத்துரை மகன் கல்யாணம். ஊர்வலம்.

"கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு இளிக்கிறது யாரு?"

"நாந்தேன்" என்றார் சிவபாண்டி.

"பக்கத்துல?"

நெற்றியில் குஞ்சமும் முதுகில் பட்டுமாக மகாராஜா நின்றது. சிவபாண்டி அதன் நெஞ்சை உற்றுப் பார்த்தார். எழுபத்தாறு.

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"கல்யாணத்துக்குப் போனா நீங்க பந்தியப் பாக்குறீக. நான் குதிரையப் பாக்குறேன்."

"இந்த மாலை, தலைப்பாகையெல்லாம்?"

"தம்பிககிட்ட நாந்தேன் சொன்னேன். கட்டுனவனுக்கு ஒரு மருவாதி வேணாமா?"

தூரத்தில் வெள்ளைத்துரை வருவது தெரிந்தது. பந்தயத் திடலில் கட்டியிருந்த பேனர்களை ஒவ்வொன்றாக நின்று படித்துக்கொண்டே வந்தார். சிவபாண்டி மாலையைக் கழற்றினார்.

"வெள்ளைக் குதிரை மேளம் கேட்டா ஆடும்னு ஒரு வார்த்தை சொல்லாம, என்னை இப்பிடி ஏமாத்திட்டியே முனீசு."

"நான் எங்கங்க ஏமாத்துனேன்? மூணு தடவை வேணாம்னு சொன்னேன். தாலி கட்டி இருபத்திரண்டு வருசமாச்சு, உங்கள ஏமாத்த நான் இதுவரைக்கும் ஒரு பொய்கூடச் சொன்னதில்ல."