வால்பாறை பஸ்ஸில் நான் விட்ட மூச்சு

மூச்சு விடுவதற்கும் விதிமுறைகள் உண்டு என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அரசு அலுவலகத்தில் தலை நரைத்தவர்களுக்குத்தான் புரியும். தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் யோகா வகுப்பில் சேர்ந்தேன். (ஞானத் தேடல் அல்ல, மலைப்பாதை வாந்தி.) மூத்த மகளுக்கு வால்பாறையில் ஒரு வரன். நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும்.

"ஊட்டி போனப்ப மாதிரி சட்டையெல்லாம் வாந்தியோட போய் நின்னுபோட்டீங்கன்னா, சம்பந்தம் அங்கியே முடிஞ்சுதுங்க" என்றாள் மனைவி.

ஆனைமலையில் அம்மன் கோவிலுக்கு வந்து திரும்பும் பெண்கள் நாங்கள் போன வால்பாறை பஸ்ஸில் கூட்டமாக ஏறினார்கள். மலை ஏறத் தொடங்கியதும் என் வயிறும் எழுந்தது. கண்ணை மூடி, பஸ்திரிகாவை ஆரம்பித்தேன். துருத்தி ஊதுவதுபோல் மூச்சை வேகமாக இழுத்து விடும் பயிற்சி. (ஓடும் வண்டியில் செய்யக் கூடாது. இந்த விதியை ஆசிரியருக்கே நினைவூட்டியவன் நான்.) "உஸ்... உஸ்..." தோள்கள் குலுங்கின, தலை ஆடியது.

"அம்மணி, இங்க பாருங்க! சாமி வந்திருச்சு!"

குலவை எழுந்தது. யாரோ நெற்றியில் திருநீறு அப்பினார்கள்.

"ஏனுங்க, கண்ணத் தொறங்க" என்று மனைவி இடித்தாள். திறந்தால் வாந்தி, மூடியிருந்தால் சாமி. சாமியே மேல் என்று முடிவெடுத்தேன்.

"சாமி, எம்பட பையனைப் பாக்க இன்னைக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க வாராங்க. செஞ்சுக்கலாமுங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

அது மூச்சை உள்ளே நிறுத்தும் கட்டம். வாய் திறக்க முடியாது. "ம்" என்று தலையாட்டிவிட்டேன்.

பிறகு மெல்ல மூச்சை விட்டுக் கண் திறந்தேன். குமட்டல் போன இடம் தெரியவில்லை. கீழே ஆழியாறு அணை வானத்தை வாங்கி வைத்துக்கொண்டு கிடந்தது. நாங்கள் ஏறி வந்த வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. மலைப்பாதைகளில் அதுவரை நான் பார்த்ததெல்லாம் பாலித்தீன் பையின் உட்புறம்தான். பிறந்தது முதல் கேட்பாரற்று உள்ளே போய் வந்த வெறும் காற்றா இதைச் செய்தது? மெய் சிலிர்த்தது. (அதைப் பார்த்து இன்னொரு குலவை.)

கேள்வி கேட்ட அம்மாள் வழியில் இறங்கிக்கொண்டார். நாங்கள் பஸ் நிலையத்தில் காத்திருந்த தரகரோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் அதே அம்மாள்.

"சாமி! நீங்களே வந்துட்டீங்களா!"

நான் பதறிப்போய், அது மூச்சுப் பயிற்சிதான் என்று செய்முறையோடு விளக்கினேன்.

"எந்தச் சாமிங்க தன்னையச் சாமின்னு ஒத்துக்கும்?" என்று அவர் கும்பிட்டார்.

கல்யாணம் நடந்தது. சம்பந்தியம்மா இன்றுவரை என் எதிரில் நாற்காலியில் உட்காருவதில்லை. மகளோடு சண்டை வந்தால் மாப்பிள்ளை எனக்குத்தான் ஃபோன் செய்கிறார்: "நீங்க உத்தரவு குடுத்த கல்யாணமுங்க மாமா. நீங்களே வந்து பைசல் பண்ணுங்க."