வசந்தி முறுக்கு

முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டியில், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு தெருவின் முறுக்கையே கெடுத்த பெருமை ஒருத்திக்குத்தான் உண்டு. அது நான்தான்.

எங்களுடையது மளிகைக் கடை. வாழப்பாடியிலிருந்து நான் கல்யாணமாகி வந்தபோது கடை என்றால் ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் என் கணவர் முருகேசன், இந்தப் பக்கம் ஊர். கேட்டதை அவர் நிறுத்து, செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் ஒன்று வந்தது. எங்கள் கூட்டம் மெல்ல அங்கே நகர்ந்தது. நான் சும்மா இருப்பேனா? கணவரை நச்சரித்து மேசையை எடுக்கவைத்தேன். ரேக் போட்டு, கூடை வாங்கி, 'நீங்களே எடுத்துக்கொள்ளலாம்' என்று போர்டும் வைத்தேன்.

முதல் நாள் யாரும் எதையும் எடுக்கவில்லை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, மேசை இருந்த இடத்தில் வரிசையாக நின்று, "கால் கிலோ கடுகுங்க" என்றார்கள். (கையை ஊன்ற மேசை இல்லாமல் தடுமாறிய ஒரு பெரியம்மா என் தோளில் ஊன்றிக்கொண்டார்.)

எல்லாம் பழகிவரும்போது தீபாவளி வந்தது. மாவுகளைப் பளபளவென்று வெள்ளைக் கவரில் போட முடிவு செய்தேன்.

"உள்ள என்ன இருக்குதுன்னு தெரியற மாதிரி கவரு போடலாமில்ல?" என்றார் கணவர்.

"அதுக்குத்தானுங்க லேபிள்" என்றேன். அப்படியொரு மிதப்பு. மத்தியானம் டிவி சீரியல் பார்த்துக்கொண்டே லேபிள்களை ஒட்டினேன். அரிசி மாவில் மைதா லேபிள், மைதாவில் அரிசி மாவு லேபிள். சீரியலில் அன்றைக்கு முக்கியமான கட்டம்.

அன்று சாயங்காலமே 'அரிசி மாவு' பறந்தது. மறுநாள் காலை, விசைத்தறிக்குப் போகும் பாவாயி அக்கா கையில் முறுக்கு அச்சோடு வந்து நின்றார். மாவு உள்ளேயே இறுகிக் கிடந்தது. கைப்பிடி தனியாக இருந்தது.

"ஏங்கண்ணு வசந்தி, ஊட்டுக்காரரும் நானும் சேந்து அமுக்கினோம். கைப்பிடிதான் கழண்டுச்சு, மாவு எறங்கல. ரப்பராட்டம் இழுக்குது."

"தண்ணி கம்மியா ஊத்தியிருப்பீங்கக்கா. எங்க மாவு ரொம்ப நைஸு" என்றேன் நான். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

அதற்குள் இன்னும் நான்கு பெண்கள் மாவுப் பாத்திரங்களோடு வந்துவிட்டார்கள். மைதா என்று எழுதிய ஒரு கவரைப் பிரித்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. சுத்தமான அரிசி மாவு.

பருப்பு ரேக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். இவர்கள் இனி பஸ் ஸ்டாண்டு கடைக்குத்தான் போவார்கள். மேசையைப் பிடுங்கிய நானே கடையையும் பிடுங்கிவிட்டேன் என்று அழுகை முட்டியது. வெளியே கணவரின் குரல் கேட்டது: "தப்பு எங்க மேலதானுங்க. எல்லாருக்கும் வேற மாவு தாரோம்." 'வசந்தி மேல' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாவாயி அக்கா ரேக்கைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் போயி அழுவாங்களா சாமி? மைதாதான? வெண்ணெ, எள்ளு, உப்பு எல்லாம் போட்டுப் பெசைஞ்சாச்சு. சப்பாத்தியாட்டம் தேச்சு, கட்டங்கட்டமா வெட்டி எண்ணெயில போட்டா துக்கடா. எந்திரி, யாராச்சும் மாவைக் குப்பையில கொட்டறதுக்குள்ள போயிச் சொல்லு."

கணவர் மொபெட்டை எடுத்தார். நான் பின்னால் அரிசி மாவு மூட்டையோடு உட்கார்ந்தேன். வீடு வீடாக இறங்கி மன்னிப்புக் கேட்டேன். திட்ட நினைத்தவர்கள்கூட என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். ஒரு டீச்சர் மட்டும், "அப்ப என்னோட சோமாசு எண்ணெயில வெடிச்சதும் உங்க புண்ணியந்தானா?" என்றார். கேட்டுவிட்டு, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த முறுக்கொன்றை என் கையில் வைத்தார். அது வேறு கடை மாவு.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெரு முழுக்கத் துக்கடாதான். யாரும் கடை மாறவில்லை. இப்போது ஊரில் சூப்பர் மார்க்கெட் மூன்று. போனில் அழுத்தினால் வாசலுக்கே சாமான் வருகிறது. ஆனாலும் எங்கள் தெருக்காரர்கள் எங்களுக்குத்தான் வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு லிஸ்டையும் திறக்கும்போது மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து, "துக்கடா நல்லா மொறுமொறுன்னு இருக்குதுங்க" என்றார்.

"துக்கடா இல்லீங்க, வசந்தி முறுக்கு!" என்றது வீடே. பாவாயி அக்கா குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

"அப்படிங்களா? எப்படிங்க செய்யறது?"

என் கணவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "மொதல்ல லேபிளை மாத்தி ஒட்டோணுங்க."